தானாக நின்ற உறுமல்

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

நலமா என்று நீங்கள் கேட்கப்போவதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் கிதாருக்கு நீங்கள் கட்டிக்கொடுத்த ஆம்ப்ளிஃபையர் உறுமுகிறது.

அங்கே உங்கள் வேலை மேசையில் வைத்து வாசித்துக் காட்டியபோது ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. இங்கே உணவு விடுதியின் மேடைக்கு வந்த இரண்டாம் வாரம் ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டு வால்வுகள் சிவந்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதி, ஓயவே ஓயாது. நான் வாசிக்கிற வரை பரவாயில்லை. பாட்டின் நடுவில் மூச்சு விட்டால் அந்த இடைவெளியில் அதுதான் பாடுகிறது. சாப்பிட வந்தவர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். விடுதி மேலாளர் நேற்று, “மேடைல ஏதாவது மோட்டார் ஓடுதாம்மா?” என்று கேட்டார். கேட்ட விதம் நன்றாக இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் வைத்த கெடு உங்களுக்குத் தெரியும். மார்ச் முடிவதற்குள் விடுதியில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாவிட்டால், அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பவேண்டும். அறை அண்ணன் பெயரில் எடுத்தது. ஆகவே பேச்சும் அவருடையதுதான்.

ஒன்று கேட்கிறேன். உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் புதியதுதானா? ஆறு மாதம் என் கண்ணெதிரில் ஒவ்வொரு வயராகப் பற்றவைத்தீர்கள். அதைப் பொருத்திய ஒரு நாள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நான் திரும்பி வரவேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. அவர் ஏதாவது சொல்லி வைத்தாரா? நான் கிளம்பின அன்று, என்னோடு இரண்டு வருடம் வாசித்த டிரம்ஸ்காரரைப் பற்றி அவர் வாய்க்கு வந்தபடி கத்தினார். நீங்கள் பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

என் புது போன் நம்பர் கேட்டு ஆள் விடாதீர்கள். தரமாட்டேன். போனில் பேசினால் நாளைக்கு ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று வரும். எழுத்தில் இருக்கட்டும்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 8

சின்னவளுக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எழுதத்தான் முதலில் கை போனது. எழுதவில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் புதியது. அட்டைப்பெட்டி பிரித்துப் போட்டது. கதவைச் சாத்தியது ஈயப் புகை கூடத்துக்கு வரக்கூடாது என்பதற்காக. உன் அண்ணன் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அவருக்கு ஆம்பில் சுவிட்ச் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் தினமும் நான் பழுது பார்க்கிற இயந்திரங்கள் மனிதர்களின் நெஞ்சில் ஒட்டப்படுகிறவை. அங்கே ‘சத்தம் வருகிறது’ என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, யார் கை வைத்தார்கள் என்பதுதான். உன்னிடமும் அதையே கேட்கிறேன். பின்பலகையின் நான்கு திருகாணிகளிலும் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்திருக்கிறேன். அது உடைந்திருக்கிறதா பார்த்து எழுது. உடையாமல் இருந்தால் உடைக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், ஆளையே தூக்கியடிக்கும்.

பிறகு இதைச் செய். உறுமும்போது வால்யூமை முழுதாக இறக்கு. நிற்கிறதா? வால்யூமை ஏற்றிவிட்டு ஆம்பில் செருகியிருக்கிற வயரைப் பிடுங்கு. நிற்கிறதா? மறுபடி செருகிவிட்டு, கிதார் கம்பிகளை உள்ளங்கையால் மூடு. குறைகிறதா? கடைசியாக, எதையெல்லாம் எதோடு சேர்த்திருக்கிறாய் என்று ஒன்றுவிடாமல் எழுது. ஒன்றுவிடாமல்.

துணி மடித்ததைப் பற்றி: அவர் கத்தும்போது குறுக்கே பேசினால் இன்னும் ஒரு மணி நேரம் கத்துவார். பதினோரு வருடமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறேன். எனக்குத் தெரியும்.

அண்ணி

பிப்ரவரி 13

அண்ணிக்கு,

நகப்பூச்சு உடையவில்லை. நான்கும் அப்படியே இருக்கின்றன. எனக்குப் பரிசு என்று கொடுத்த பொருளுக்கு முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். பார்த்ததும் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. திருடிக்குப் பயந்து பூட்டுப் போட்ட மாதிரி.

வால்யூமை இறக்கினேன், நின்றது. வயரைப் பிடுங்கினேன், நின்றது. கம்பிகளை மூடினேன், கொஞ்சமும் குறையவில்லை.

சேர்த்திருப்பது கிதார், ஒரு வயர், ஆம்ப். அவ்வளவுதான். பாடுவதற்கு மைக், அது விடுதியின் சொந்த ஒலிபெருக்கியோடு போகிறது, நம்முடையதோடு சேரவில்லை.

மேலாளர் இன்னொரு பெண்ணை வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். சமையல்கட்டில் பேசிக்கொண்டார்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

நாத்தனார்

பிப்ரவரி 18

சின்னவளுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய்.

வயரைப் பிடுங்கினால் உறுமல் நிற்கிறது. அப்படியானால் அது என் பெட்டிக்குள் பிறக்கவில்லை, அந்த வயர் வழியாக உள்ளே வருகிறது. கம்பியை மூடினால் குறையவில்லை. அப்படியானால் கிதார் அதைக் காற்றிலிருந்து பிடிக்கவும் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. கிதாருக்கும் ஆம்புக்கும் நடுவில், சுவரில் தனி பிளக் செருகிய இன்னொரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆம்புக்கு ஒரு எர்த், அந்தப் பெட்டிக்கு ஒரு எர்த். இரண்டையும் நடுவில் வயர் இணைக்கிறது. அப்படி ஒரு வளையம் உண்டானால் உறுமும். இது ஆஸ்பத்திரியில் வாரம் ஒருமுறை நான் பார்க்கிற சங்கதி.

நீ எழுதியது ‘கிதார், ஒரு வயர், ஆம்ப்’. உன்னிடம் அப்படி ஒரு பெட்டி கிடையாது. உன் சாமான்களைக் கட்டியவள் நான்தான். அப்படியானால் அது யாருடையது?

ஊகிக்க முடியாமல் கேட்கவில்லை. நீ சொல்லவேண்டும் என்று கேட்கிறேன். அந்த டிரம்ஸ்காரர் அங்கேயே இருக்கிறாரா, உன் அறைக்கு வந்துபோகிறாரா என்று உன் அண்ணன் என்னைத்தான் குடைகிறார். எனக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உறுமலுக்கு மருந்து இருக்கிறது. பத்து நிமிட வேலை, ஆபத்து இல்லாதது. பெட்டி யாருடையது என்று எழுது, மறு தபாலில் மருந்து வரும்.

அண்ணி

பிப்ரவரி 24

அண்ணிக்கு,

உங்கள் மருந்து வேண்டாம். உறுமல் நின்றுவிட்டது. தானாகவே நின்றுவிட்டது.

அறையில் எந்தப் பெட்டியும் இல்லை, எந்த ஆளும் இல்லை. நீங்கள் வக்கீலாகப் போயிருக்கலாம், ஆஸ்பத்திரியில் காலத்தை வீணாக்குகிறீர்கள். ஒரு வைத்தியம் கேட்டால் அதற்குக் கூலியாக வாக்குமூலம் கேட்கிற டாக்டரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேடை அத்தனை அமைதி. மேலாளர் வந்து, “இப்பதாம்மா பாட்டு காதுல விழுது” என்றார். சமையல்கட்டு ஆட்கள்கூடக் கதவைத் திறந்து வைத்துக் கேட்டார்கள்.

ஆபீஸ் வேலையாக ஆறாம் தேதி இங்கே வந்து பத்து நாள் லாட்ஜில் தங்கப்போவதாக அண்ணன் எழுதியிருக்கிறார். பதினான்காம் தேதி சனிக்கிழமை விடுதிக்கு வந்து நான் பாடுவதைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வாராம். ஆறு வருடமாக இந்த ஊரில் அவருக்கு ஒரு ஆபீஸ் வேலையும் இருந்ததில்லை. அனுப்பி வைப்பது நீங்கள்தானே?

எழுதத் தாள் தீர்ந்துவிட்டது. இது விடுதியின் ஆர்டர் தாள். பின்பக்கத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நாத்தனார்

மார்ச் 1

சின்னவளுக்கு,

சத்தம் தானாக வராது. வந்த சத்தம் தானாகப் போகவும் போகாது. பதினாறு வருடத்தில் தானாகச் சரியான இயந்திரம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. தானாகச் சரியாகிவிட்டது என்று சொன்ன ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் எதையோ செய்துவிட்டு வந்தவர்கள்.

என்ன செய்தாய்? எதைக் கழற்றினாய், எதை மாற்றினாய்? யார் செய்தது என்றுகூடக் கேட்கவில்லை. என்ன செய்தது என்று மட்டும் ஒரு வரி எழுது. உறுமியபோது இல்லாத பயம், நின்ற பிறகு எனக்கு வந்திருக்கிறது. இதை வேறு மாதிரி உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் அண்ணனை நான் அனுப்பவில்லை. ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்.

அண்ணி

மார்ச் 9

அண்ணிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை மாலை என்று சொல்லிவிட்டு மதியமே வந்து கதவைத் தட்டினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். “செருப்பு உருண்டு போச்சு” என்றார். அவர் செருப்பு வாசலில் இருந்தது. பல் தேய்க்கிற பிரஷ் எத்தனை இருக்கிறது என்றும் எண்ணியிருப்பார். ஒன்றுதான் இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் விடுதிக்குக் கூட்டிப்போனேன். கடை திறப்பதற்கு முன்னால் அவருக்காக ஒரு பாட்டு வாசித்தேன். அவர் முன்னால் உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, வாசிப்பே வறண்டு போயிருந்தது. இழுத்த சுரம் நிற்காமல் பொத்தென்று விழுந்தது. போதாததற்கு, மைக்கில் உதடு பட்டபோதெல்லாம் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. கிதாரிலிருந்து கையை எடுத்துவிட்டால் கடிக்கவில்லை. அண்ணன் முறைத்தால் மைக்கில்கூடக் கரண்டு பாய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை, சிரிக்கமாட்டார். நீங்களாவது சிரிப்பீர்கள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு நிகழ்ச்சி. அவருக்கு முன் மேசை. அன்றும் எல்லாம் இதே மாதிரி, சந்தேகத்துக்கு இடமில்லாமல், சுத்தமாக இருக்கும். போய் உங்களிடம் ஒப்பிக்கட்டும்.

என்ன செய்தாய் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் செய்யவில்லை.

நாத்தனார்

மார்ச் 15

அண்ணி என்று இனிமேல் எழுதமாட்டேன். இது கடைசிக் கடிதம், அதனால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

நேற்று கூடம் நிறைந்திருந்தது. மைக்கில் உதடு படாமல் நான்கு விரல் தள்ளி நின்று முதல் பாட்டை முடித்தேன். கைதட்டினார்கள். அண்ணன் தட்டவில்லை, ஆனால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அது எனக்குப் போதும். இரண்டாவது பாட்டின் நடுவில் மைக்கின் கழுத்து தளர்ந்து சரிந்தது. வலது கையால் கம்பியை மீட்டிக்கொண்டே, நிமிர்த்திவிடலாம் என்று இடது கையை நீட்டினேன். அப்போது கூடம் முழுக்க விளக்கு அணைந்தது.

குழந்தைகள் கத்தின. யாரோ கண்ணாடித் தம்ளரை உடைத்தார்கள். இருட்டில் காசாளர், “மேடைக்குப் போகாதீங்க, எதையும் தொடாதீங்க!” என்று ஓடி வந்தார். மெயின் சுவிட்சை அணைத்தது அவர்தான். மேலாளர் என்னிடம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “உங்க அண்ணியாம். போன்ல ஒரே கத்தல். உங்க கிதார்ல கரண்டு வருது, உடனே மெயினை அணைங்க, இல்லன்னா போலீசுக்குப் போவேன்னு மிரட்டறாங்க. என்னம்மா இது, உங்க குடும்பச் சண்டையை வெச்சுக்க என் கடைதான் கிடைச்சுதா?”

ஆர்டர் தாளின் மேலே இருந்த நம்பர். நான் முட்டாள்.

அண்ணன் எழுந்து, “போதும். வா, வீட்டுக்குப் போகலாம்” என்றார். எவ்வளவு சரியான நேரத்தில் சொன்னார்! ஒத்திகை பார்த்த மாதிரி. ஒருவர் முன் மேசையில் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் போனில் விளக்கை அணைக்க. கட்டிக்கொடுத்ததும் நீங்கள், கெடுத்ததும் நீங்கள். மேலாளர் இனி வரவேண்டாம் என்றுவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி அறைச் சாவியை ஒப்படைக்கச் சொல்லிவிட்டு அண்ணன் இன்று காலை பஸ் ஏறினார்.

நினைத்ததைச் சாதித்துவிட்டீர்கள். நிம்மதியாகத் துணி மடியுங்கள்.

மார்ச் 19

சின்னவளே,

கிழிக்காமல் படி. கிழிக்கவேண்டும் என்றால் முடித்துவிட்டுக் கிழி.

சனிக்கிழமை வேலை முடிந்து ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். உன் கடிதம் கதவடியில் கிடந்தது. எறும்பு கடித்தது என்ற வரியைப் படித்தேன். நான் சிரிக்கவில்லை. உன் அண்ணனுக்கு ஏழு தடவை போன் செய்தேன். நாலு பேர் நடுவில் போன் அடித்தால் மானம் போய்விடும் என்று அணைத்து வைப்பவர் அவர். பிறகுதான் நீ முன்பு எழுதிய ஆர்டர் தாளை எடுத்துத் திருப்பினேன். அதிலிருந்த விடுதி நம்பரையும் ஒரு மணி நேரம் யாரும் எடுக்கவில்லை. எடுத்தபோது ஏழே கால். போலீஸ் என்று சொன்னது உண்மைதான். வேறு என்ன சொன்னால் ஓடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் ஊகிப்பதை எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. உறுமல் நின்றது ஆம்பின் பிளக்கில் எர்த் வயரை வெட்டியதால். அந்த வயரை வெட்டினால் உறுமல் நிற்கும், உண்மை. ஆனால் பெட்டியின் தகரத்துக்குக் கசிகிற கரண்டு மண்ணுக்குப் போகிற வழி அது. அதை அடைத்துவிட்டால் கசிவு தகரத்திலேயே உட்கார்ந்திருக்கும். தகரத்திலிருந்து கிதார் வயர், அதிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து உன் விரல். மைக்கின் இரும்போ விடுதியின் எர்த்தோடு சேர்ந்தது. நடுவில் மிச்சம் இருந்த வயர் உன் உடம்பு.

வெட்டின பிறகும் இரண்டு வாரம் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. நீ இல்லை என்று சத்தியம் பண்ணின அந்தப் பெட்டிதான் காரணம். அது சுரத்தை எதிரொலிக்கவைத்து நீட்டுகிற எக்கோ பெட்டி என்று நினைக்கிறேன். அது நடுவில் இருந்தவரை கசிவு அதன் எர்த் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை உன் வாசிப்பு வறண்டுபோனது உன் அண்ணன் முறைத்ததால் இல்லை. அவர் கண்ணில் படக்கூடாது என்று நீ அந்தப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாய்.

இனி என் பங்கு. டிரான்ஸ்ஃபார்மர் புதியது இல்லை. நீ முதல் கடிதத்திலேயே கேட்டாய், நான் பொய் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டின ஒரு பழைய இயந்திரத்திலிருந்து எடுத்தது. அந்த மாதிரிச் செம்பும் இரும்பும் இப்போது கிடைப்பதில்லை, சத்தம் அத்தனை இனிமையாக இருந்தது, மனசு கேட்கவில்லை. உள்ளே சுற்றின தாளில் ஓரிடத்தில் கருகல் இருந்தது. வார்னிஷ் பூசினேன். கசிந்தாலும் எர்த் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் கதவைச் சாத்தினேன். நாத்தனாருக்குப் பழைய சாமானைப் போட்டுக் கொடுத்தாள் என்ற பேச்சுக்குப் பயந்தேன். வேறு ஒன்றுமில்லை, அந்த ஒரு பேச்சுக்குத்தான்.

பத்து நிமிட மருந்தை நான் பிப்ரவரியிலேயே எழுதியிருந்தால் நீ வேறு யாரிடமும் கேட்டிருக்கமாட்டாய். உன் வாயைப் பிடுங்கவேண்டும் என்று அதை என் கையிலேயே வைத்துக்கொண்டேன். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம்பாதே. சோதித்துப் பார். கரண்டு வேலை தெரிந்த ஒருவரை வைத்து, அந்தப் பெட்டி இல்லாமல், சனிக்கிழமை இருந்த மாதிரியே எல்லாவற்றையும் வைக்கச் சொல். பதினைந்து வாட் பல்பு ஒன்று, இரண்டு வயர். ஒரு முனை கிதார் கம்பியில், ஒரு முனை மைக்கின் இரும்பில். எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத் தள்ளி நின்ற பிறகே சுவிட்சைப் போடவேண்டும். நீ எதையும் தொடாதே. பல்பு எரியவில்லை என்றால் நான் சதிகாரிதான். உன் அண்ணனிடம் நானே சொல்லி அறையை உனக்கே வாங்கித் தருகிறேன்.

அண்ணி

மார்ச் 23

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி நேற்று செய்தோம். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காசாளரும் வந்தார். டிரம்ஸ்காரர் வயர்களை மாட்டினார். ஆமாம், அவர் இந்த ஊரில்தான் இருக்கிறார். மூன்று மாதமாக இருக்கிறார்.

சுவிட்சைப் போட்டார். பல்பு எரியவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? சந்தேகப்பட்டது சரிதான் என்று மனசுக்குள் ஒரு குதியாட்டம். உங்களுக்கு என்ன எழுதவேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக யோசித்துக்கொண்டிருந்தேன். அணைத்துவிடலாமா என்று கேட்டேன். டிரம்ஸ்காரர்தான், “இரு, சனிக்கிழமை நீ வர்றதுக்கு முன்னாடியே ஆம்பை எவ்வளவு நேரம் சூடேத்தி வெச்சிருந்தாங்க?” என்றார். அரை மணி நேரம் என்றார் காசாளர். சரி என்று எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

இருபதாவது நிமிடம் பல்புக்குள் இருந்த இழை மட்டும் சிவந்தது. அப்புறம் மஞ்சளானது. கம்பியில் சுற்றியிருந்த வயரும், நான் தினமும் விரல் வைக்கிற இடமும் அந்த வெளிச்சத்தில் தெரிந்தன.

நான் அன்றைக்கு இடது கையை நீட்டினேன் அண்ணி. மைக்கைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது.

எர்த் வயரை வெட்டியது டிரம்ஸ்காரர்தான். நான்தான் டார்ச் பிடித்தேன். எல்லாரும் செய்கிறதுதான் என்றார். எக்கோ பெட்டி அவருடையது. ஜனவரியிலேயே கொடுத்தார். அண்ணன் வந்த அன்று அதைத் துணியில் சுற்றிப் பக்கத்து அறை தையல்காரம்மாவிடம் கொடுத்து வைத்தேன். அவரையும் பத்து நாள் இந்தத் தெருப்பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழுதியிருந்தால் நீங்கள் அண்ணனிடம் சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். இப்போதும் முழுதாக நம்பிக்கை வரவில்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவரைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன்.

மேலாளர் பல்பை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க அண்ணி கத்தினப்ப நான் போனை வெச்சுட்டேன்மா. மறுபடி அடிச்சாங்க. அதையும் வெச்சுட்டேன். மூணாவது தடவை காசாளர் எடுத்தாரு” என்றார். ஆம்பைச் சரிசெய்துகொண்டு ஏப்ரலில் வரச்சொன்னார். ஏப்ரலில் நான் எந்த ஊரில் இருப்பேன் என்று தெரியவில்லை என்றேன்.

சாமான்களை மூட்டை கட்டிவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மருக்காக உங்கள் மேல் கோபம் இருக்கிறது. போகும், உடனே போகாது.

நாத்தனார்

மார்ச் 27

சின்னவளுக்கு,

கோபம் இருக்கட்டும். புது டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை அட்டைப்பெட்டியை உன் கையால் பிரி. ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். எக்கோ பெட்டிக்கும் ஆம்புக்கும் நடுவில் போடுகிற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் கொண்டுவருகிறேன், பிப்ரவரியில் எழுதாமல் வைத்துக்கொண்ட மருந்து அதுதான். எர்த் வயரைச் சேர்த்துப் பற்றவைக்கிறபோது உன் டிரம்ஸ்காரர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். எல்லாரும் செய்கிறதுதான் என்று இன்னொரு பெண்ணிடம் அவர் சொல்லக்கூடாது.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது, மெயினை அணைத்து அவர் மானத்தை வாங்கிவிட்டேன் என்று பதினோராவது தடவையாக ஆரம்பித்தார். நான் எழுந்துபோய் உன் கடிதத்தை எடுத்து வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கேட்காமல் செய்ததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

கல்யாண விஷயத்துக்குக் கத்துவார் என்று காத்திருந்தேன். அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார். தையல்காரம்மா என்ற இடத்தில் நின்றார். திரும்பத் திரும்ப அதையே படித்தார். பிறகு, “நான் வரேன்னுதான் அதை எடுத்து வெச்சாளா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“நான் முன்னாடி உக்காந்து பாத்துட்டு இருந்தேனே” என்றார். அப்புறம் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. இன்று ஆபீஸுக்கும் போகவில்லை. பதினோரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நேற்று பார்த்தேன்.

முப்பத்தொன்றாம் தேதியைப் பற்றிக் கேட்டேன். இந்தக் கடிதத்தில் கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லி இப்போது பேனாவைக் கேட்கிறார். என்ன எழுதப்போகிறார் என்று தெரியாது. கையால் மறைத்துக்கொண்டு எழுதுவார் போலிருக்கிறது. எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. நல்லதாக இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சொல்லு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி

*

சாவி உன்கிட்டயே இருக்கட்டும். இனிமே நான் வந்தா எதையும் எடுத்து வைக்காதே.

அண்ணன்